பிடிபடாத லீவன்

மூன்றாவது சுற்றிலேயே லீவன் தனியாகிவிட்டார்.

தனியாவது அவருக்குப் புதிதில்லை. வெல்டர்கெம் ஊர்த் திருவிழாவின் சைக்கிள் ரேஸில் அவர் கலந்துகொள்ளாத வருஷம் கிடையாது. தனியாகாத வருஷமும் கிடையாது. சர்ச் மூலையில் கூட்டம் சர்ரென்று திரும்பும். லீவன் திரும்பி முடிப்பதற்குள் அவர்கள் சிப்ஸ் கடையைத் தாண்டியிருப்பார்கள். அதன் பிறகு அவருக்குத் துணை காற்று மட்டும்தான், அதுவும் எதிர்க்காற்று.

ஆனால் தனியாவது குற்றமில்லை, பிடிபடுவதுதான் குற்றம். ஊரையே சுற்றிச் சுற்றி ஓட்டுகிற ரேஸ் இது. சர்ச் வாசலில் கிளம்பி, சிப்ஸ் கடையில் திரும்பி, பீட்ரூட் வயலை ஒரு வளைவு வளைத்து, பீர் ஆலைக்குப் பக்கத்தில் கல் பாவிய சந்து வழியாக மறுபடி சர்ச் வாசலுக்கே வரவேண்டும். இப்படி இருபத்தைந்து சுற்று. முன்னால் போன கூட்டம் ஒரு முழுச் சுற்று அதிகம் ஓட்டி வந்து பின்னாலிருந்து பிடித்துவிட்டால், எல்லைக்கோட்டில் நிற்கும் நடுவரம்மா சிவப்புக் கொடியை ஆட்டுவார். கொடி வாங்கியவர் ஓரமாக இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பீர்ப் பந்தலுக்குப் போய்விட வேண்டியதுதான். அந்தப் பந்தலில் லீவனுக்கென்றே ஒரு நாற்காலி உண்டு.

இந்த வருஷம் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சைக்கிள் போய்விடும்.

எல்லாம் ஈஸ்டர் விருந்தில் வந்த வினை. லீவனின் சகலை டெசிரே, ரேஸில் மைக் பிடிக்கிறவர், விருந்தில் மைக் இல்லாமலே பேசுகிறவர், எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார்.

"லீவன், வருஷா வருஷம் அந்தக் கொடியை உனக்கு ஆட்டி ஆட்டி அந்தம்மாவுக்குத் தோள்பட்டை வலியாம். பேசாம அதையே உனக்கு ஒரு சட்டையா தெச்சுக் குடுத்துடலாம்."

மேஜை முழுக்கச் சிரித்தது. லீவனுக்குள் இரண்டு கோப்பை ஒயின் இருந்தது. எழுந்து நின்றார்.

"இந்த வருஷம் கொடி வாங்காம ரேஸை முடிக்கிறேன். முடிக்கலைன்னா சைக்கிளை வித்துடறேன். ஞாயித்துக்கிழமை பூரா வீட்டுல இருந்து மாரியெட்டுக்கு ஒத்தாசை பண்றேன். இது சத்தியம்."

அவர் மனைவி மாரியெட் காப்பிப் பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நிஜமாவா?"

"நிஜமா."

"எல்லா ஞாயித்துக்கிழமையுமா?"

"எல்லா ஞாயித்துக்கிழமையும்."

எழுந்து சமையலறைக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று லீவன் புரிந்துகொண்டார். பாவம், கல்யாணமான நாளாக ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகவே இருந்தவள். அதை நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே நெஞ்சு கொஞ்சம் கனத்தது.

அவர் வீட்டில் இருந்தால் எவ்வளவு உபயோகம் என்று அவளுக்குத் தெரியாதா? போன குளிர்காலத்தில் தோள் எலும்பு முறிந்து கிடந்தபோது பார்த்தாளே. லீவன் பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவர். வாரம் பூரா கன்வேயர் பட்டையின் பக்கத்தில் நின்று, உடைந்த பிஸ்கட், கருகிய பிஸ்கட், வட்டம் கோணிய பிஸ்கட் எல்லாவற்றையும் பொறுக்கி எறிபவர். அந்தக் கண்ணை அவர் அந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டுக்கு இலவசமாகக் கொடுத்தார். மசாலா டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். துணி மடிப்பதில் இருந்த தவறுகளை எடுத்துச் சொன்னார். சூப்பில் லீக் என்கிற வெங்காயத் தண்டுகள் ஒரே அளவில் இல்லை என்பதை ஸ்கேல் வைத்துக் காட்டினார். மாரியெட்தான் அப்போது அடிக்கடி அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள், அவர் நிம்மதியாக ஓய்வெடுக்கட்டும் என்று.

ஆனாலும் சைக்கிளை விற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஞாயிறு காலை கால்வாய்க் கரையில் தனியாக ஓட்டிப் போகும்போதுதான் அவர் எதையும் தரம் பார்ப்பதில்லை. வாத்து கோணலாக நீந்தினால்கூட விட்டுவிடுவார். அந்த இரண்டு மணி நேரம் இல்லாமல் போனால் தான் என்ன ஆவோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

காலையில் கிளம்பும்போது மாரியெட் வாசல் வரை வந்து அவர் சட்டையில் நம்பரைக் குத்திவிட்டாள்.

"விழாம ஓட்டு. கொடி வாங்காதே."

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். வீடெங்கும் இன்னும் இனிப்பு டார்ட் வாசனை. இரண்டு நாளாக அவள் அரிசியும் பாலும் குங்குமப்பூவும் போட்டு டார்ட்டாகச் சுட்டுத் தள்ளியிருந்தாள்.

"யாருக்கு இவ்வளவு?" என்று முந்தின நாள் கேட்டதற்கு, "பேண்டு வாசிக்கிறவங்களுக்கு" என்றாள்.

"பேண்டுல அத்தனை பேரா இருக்காங்க?"

"ஊதுறவங்களுக்குப் பசி ஜாஸ்தி."

"ரெண்டு மூணுல ஓரம் கருகியிருக்கு, பாத்தியா?"

மாரியெட் அடுப்புக் கதவைச் சாத்தினாள், கொஞ்சம் சத்தமாகவே.

இப்போது மூன்றாவது சுற்று போய், எட்டாவதும் போய், பத்தாவது சுற்று. லீவன் இன்னும் பிடிபடவில்லை.

அவருக்கே ஆச்சரியம். பீட்ரூட் வயல் திறந்த வெளி. இந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டே அந்தப் பக்கம் வருகிறவர்களைப் பார்க்கலாம். கூட்டம் இந்த வருஷம் ஏனோ சோம்பலாகத்தான் வந்தது. முன்னால் தபால்காரர் கமீல். இந்த ரேஸைப் பலமுறை ஜெயித்தவர், கூட்டம் எந்த வேகத்தில் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவர். அவரே இரண்டு கையையும் விட்டுவிட்டு, முதுகை நிமிர்த்தி, பக்கத்தில் வருகிறவனிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

தன் பயிற்சிதான் பலித்துவிட்டது என்று லீவன் முடிவுகட்டினார்.

அத்தோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தரம் பார்க்கிறவருக்கு நல்லபடியாகப் போகிற எதைக் கண்டாலும் சந்தேகம். இவர்கள் இப்படியே இருப்பார்களா? திடீரென்று கிளம்பிவிட்டால்?

இந்தப் பக்கத்து ரேஸ்களில் ஆளுக்கு ஆள் பேசி முடித்துக்கொள்வது அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கம். இன்றைக்கு நீ ஜெயி, அடுத்த வாரம் என் ஊரில் நான் ஜெயிக்கிறேன் என்பார்கள். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. லீவனும் கமீலிடம் போய்ப் பேசலாமா என்று ஒரு வாரம் யோசித்தார். ஆனால் ஜெயிப்பதற்குப் பேரம் பேசலாம். பிடிபடாமல் இருப்பதற்குப் பேரம் பேச எந்த முகத்தோடு போவது? அதனால் வேறு வழி செய்து வைத்திருந்தார்.

அந்த வழியின் பெயர் ஃபிர்மின். கறிக்கடைக்காரர், பள்ளித் தோழர். ஒவ்வொரு வருஷமும் ரேஸின் நடுவில் ஒரு மணி அடிக்கச் சொல்லி, அடுத்த சுற்றில் முதலில் கோட்டைத் தாண்டுகிறவருக்கு உப்பிட்ட பன்றித் தொடை ஒன்றைப் பரிசாகத் தருவார். லீவனின் கணக்கு இதுதான். தொடைக்காகக் கூட்டம் ஒரு சுற்று பறக்கும். அதற்கப்புறம் மூச்சு வாங்கி நாலு சுற்று ஊர்ந்து போகும். மொத்தத்தில் லாபம்.

சர்ச் வாசலில் ஃபிர்மினைக் கண்டதும் லீவன் பலமாகத் தலையாட்டினார்.

"இப்பவா?" என்று கத்தினார் ஃபிர்மின்.

"இப்பதான்."

மணி அடித்தது. ஒலிபெருக்கியில் டெசிரேயின் குரல் கரகரத்தது. "நம்ம ஃபிர்மின் கடையிலிருந்து ஒரு முழுத் தொடை. எலும்போட!"

கூட்டம் பறந்தது. லீவனின் கணக்கில் அதுவரை பிழையில்லை.

பிழை சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. அங்கே பாலாடைக்கட்டிக் கடை ஒடில் அம்மாள் நின்றிருந்தாள். ஃபிர்மினுக்கும் அவளுக்கும் ஒரு வாகனம் நிறுத்தும் இடம் சம்பந்தமாகப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தொடைக்குக் கிடைத்த கைதட்டல் அவள் காதில் விழுந்தது. நேராக டெசிரேயிடம் போனாள்.

"அடுத்த சுத்துக்கு ஒரு முழு வட்டம் பாலாடைக்கட்டி. அந்தாளோட தொடையை விடக் கனமானதுன்னு சொல்லு."

மறுபடி மணி. ஃபிர்மின் விடுவாரா?

"அடுத்த சுத்துக்கு இன்னொரு தொடை."

"அடுத்ததுக்கு ரெண்டு வட்டம்."

"என்னோட ரெத்த சாசேஜ், ஒரு முழம்."

பீர் ஆலைக்காரருக்கும் மானம் இருக்கிறது. அவர் ஒரு பெட்டி பீர் என்றார். மணி ஓயவே இல்லை. மூச்சு வாங்க வேண்டிய கூட்டம் சுற்றுக்குச் சுற்று காட்டுப் பன்றி துரத்துகிற மாதிரி வந்தது. கமீல் மட்டும் பின்னாலிருந்து கையை ஆட்டி ஆட்டி எல்லோரையும் ஏதோ திட்டிக்கொண்டே வந்தார். யாரும் அவரைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"ஃபிர்மின், போதும்டா, நிறுத்து," என்று கோட்டைத் தாண்டும்போது லீவன் கெஞ்சினார்.

"நான் எப்படி நிறுத்தறது? அவ நிறுத்தட்டும்."

பீட்ரூட் வயலில் திரும்பிப் பார்த்தார். கூட்டம் வயலின் அந்தப் பக்கத்தில் இல்லை. இந்தப் பக்கத்திலேயே, அவருக்குப் பின்னால், ஒரு தெரு நீளத்தில் வந்துகொண்டிருந்தது.

ரேஸ் தெரிந்த யாருக்கும் அவசரத்துக்கு ஒரு சட்டம் கைவசம் உண்டு. பஞ்சர் ஆனால் ஒரு சுற்று சலுகை. சைக்கிளைச் சரிசெய்து கொள்ளலாம். கூட்டம் ஒரு சுற்று போய் வந்ததும் எந்த இடைவெளியில் இருந்தோமோ அதே இடைவெளியில் நடுவரம்மா உள்ளே விடுவார். ஒரு சுற்று முழுக்க உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். லீவனுக்கு அப்போது மூச்சுதான் வேண்டியிருந்தது.

பீர் ஆலைச் சந்தில் யாரும் பார்க்காத வளைவு ஒன்று உண்டு. அங்கே இறங்கிப் பின் டயரின் வால்வைத் திறந்துவிட்டார். புஸ்ஸென்று காற்று போயிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கூடாரத்துக்கு ஓடினார்.

"பஞ்சர்," என்றார்.

நடுவரம்மா கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து பார்த்தார். "சரி, ஒரு சுத்து. நெஸ்டர், பாரு."

மெக்கானிக் நெஸ்டர் நிதானமான மனிதர். சக்கரத்தை ஒரு முறை சுழற்றினார். டயரை அங்குலம் அங்குலமாகத் தடவினார். வால்வைப் பார்த்தார். பிறகு லீவனைப் பார்த்தார்.

"பஞ்சரே இல்லையே இது. வால்வுதான் திறந்திருக்கு. ரெண்டு அடி அடிச்சா சரியாயிடும்."

"பஞ்சர் இல்லையா?" என்றார் நடுவரம்மா. அக்குளில் இருந்த கொடி கொஞ்சம் வெளியே வந்தது.

லீவனுக்கு வியர்த்தது. "இருக்கு, இருக்கு. உள்ள எங்கேயோ சின்னதா இருக்கு, வெளிய தெரியாது. நெஸ்டர், நீ சக்கரத்தையே மாத்திடு. பத்திரம்."

"எங்கிட்ட மிச்சம் இருக்கறது ஒரே ஒரு பழைய சக்கரம். அதோட பல்லு உன் செயினுக்கு ஒத்துவராது. ஒரே ஒரு கியர்லதான் நிக்கும்."

"எந்தக் கியர்?"

"இருக்கறதுலயே கனமானது."

நடுவரம்மா அங்கேயே நின்றிருந்தார்.

"அதையே போடு," என்றார் லீவன்.

ஓய்வும் வாய்க்கவில்லை. நெஸ்டர் சக்கரத்தைப் பொருத்த, லீவன் செயினைப் பிடித்துக்கொண்டு நிற்க, கை முழுக்க மசியாகி, அதே கையால் நெற்றியைத் துடைத்து முகமும் மசியாகி, கூட்டம் ஒரு சுற்று போய்வந்தே விட்டது. "போ," என்று நடுவரம்மா முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். பழைய இடைவெளிதான், ஒரு தெரு நீளம். ஆனால் பெடலை மிதித்தால் அசைய மாட்டேன் என்றது. இரும்பு பீரோவை மாடிப்படி ஏற்றுகிற மாதிரி ஒவ்வொரு மிதியும். சிப்ஸ் கடை வளைவில் வேகம் போய்விட்டால் மறுபடி பிடிக்க முடியாது என்பதால், வாழ்நாளில் முதல் தடவையாக பிரேக்கைத் தொடாமல் திரும்பினார். வரிசையில் நின்றவர்கள் பொட்டலத்தோடு பின்னால் குதித்தார்கள்.

இதற்கிடையில் பரிசுகள் தீர்ந்து மணி ஓய்ந்திருந்தது, டெசிரே ஒரு பீர் குடிக்கப் போயிருந்தார். ஒன்று மூன்றானது. திரும்பி வந்து மைக்கைக் கையில் எடுத்தபோது அவர் கண்ணில் பட்டது இதுதான். சந்திலிருந்து ஒற்றை ஆள், முகமெல்லாம் கறுப்பாக, பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறார். பின்னால், நல்ல இடைவெளி விட்டு, மொத்தக் கூட்டம்.

"தனியா ஒருத்தர் முன்னால!" என்று அலறினார் டெசிரே. "யாரது? நம்ம லீவன்! நம்ம சகலை! மொத்தக் கூட்டத்தையும் பின்னால விட்டுட்டு முன்னால வர்றார் பாருங்க!"

வெல்டர்கெம் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை. பந்தலில் இருந்தவர்கள் பீர்க் கோப்பையோடு ஓடிவந்தார்கள். பேண்டு எழுந்து நின்று ஊத ஆரம்பித்தது. மேயர் பூச்செண்டு எங்கே என்று தேடினார். தடுப்புக்குப் பின்னால் மாரியெட் நிற்பதையும் லீவன் பார்த்துவிட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

லீவனுக்கு உடம்பு கூசியது. இப்போது கொடி வாங்கினால் ஊர் முன்னால், பேண்டு வாத்தியத்தோடு வாங்க வேண்டும்.

"நான் முன்னால இல்ல," என்று கத்தினார். "பின்னால இருக்கேன்!"

"எவ்வளவு அடக்கம் பாருங்க," என்றது ஒலிபெருக்கி.

இல்லை இல்லை என்று ஒற்றை விரலை உயர்த்தி ஆட்டினார். நான்தான் நம்பர் ஒன் என்கிறார் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊரே ஒற்றை விரலை உயர்த்தி ஆட்டியது.

இதைவிட மோசமாக இனி ஒன்றும் நடக்காது என்று லீவன் நினைத்த அந்தச் சுற்றில்தான், பக்கத்து ஊரிலிருந்து முதல் தடவையாக வந்திருந்த ஒரு மீசைக்காரர் ஒலிபெருக்கியை நம்பிவிட்டார். முன்னால் ஒருவன் ஓடிக்கொண்டிருக்கிறான், இவர்கள் எல்லாம் கதை பேசிக்கொண்டு வருகிறார்களே என்று அவருக்கு ரோஷம். கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு கிளம்பினார். பீட்ரூட் வயலில் லீவன் திரும்பிப் பார்த்தபோது மீசை தனித்தனி முடியாகத் தெரிகிற தூரத்தில் இருந்தது.

லீவன் மிதித்தார். கால் எரிந்தது, நுரையீரல் எரிந்தது. விற்கப்போகிற சைக்கிளை நினைத்தார், கால்வாய்க் கரையை நினைத்தார், கோணலாக நீந்தும் வாத்தை நினைத்தார். அழுகை வந்தது, அழுதுகொண்டே மிதித்தார். கனமான கியருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, ஒரு தடவை உருள ஆரம்பித்தால் சுலபத்தில் நிற்காது. அது உருள ஆரம்பித்தது.

மறுபடி திரும்பிப் பார்த்தபோது, கமீல் விரைந்து வந்து அந்த மீசைக்காரரின் தோளில் பாசமாகக் கை வைத்திருந்தார். இன்னொரு கையால் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்த மாதிரியும் இருந்தது. ஏதோ காதில் சொன்னார். மீசைக்காரர் தலையாட்டிவிட்டு மிதிப்பதை நிறுத்தினார். வெளியூர்க்காரருக்கு இங்கத்து வளைவுகளைப் பற்றி எச்சரிக்கிறார் போலிருக்கிறது, நல்ல மனுஷன் கமீல் என்று லீவன் நினைத்தார்.

கூட்டத்துக்குக் கடைசிச் சுற்று மணி அடித்தது. லீவன் அந்தச் சுற்றை எப்படி ஓட்டினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சந்தை விட்டு வெளியே வந்தபோது பின்னால் முப்பது சைக்கிளின் இரைச்சல் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கோட்டைத் தாண்டியிருந்தார். அவருக்குப் பின்னால், ஒரு சைக்கிள் நீளம் விட்டு, கமீல் ரேஸை ஜெயித்தார்.

ஆனால் ஊர் ஜெயித்தவராகப் பார்த்தது லீவனை. மேயர் பூச்செண்டோடு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"நிக்காதீங்க, போங்க," என்றார் நடுவரம்மா. "உங்களுக்கு இன்னும் ஒரு சுத்து பாக்கி."

"வெற்றிச் சுற்று!" என்று அறிவித்தார் டெசிரே.

மேயர் நீட்டிய பூச்செண்டில் இடிக்காமல் ஒதுங்கி, லீவன் தன் கடைசிச் சுற்றைத் தொடங்கினார். ரேஸ் முடிந்துவிட்டது என்று ஊர் நினைத்ததால் ரோடு ரோடாக இல்லை. சிப்ஸ் கடை வளைவில் தள்ளுவண்டிக் குழந்தைகள். பீட்ரூட் வயலில் ஒரு டிராக்டர் ரோட்டுக்கு இறங்கிவிட்டது. அதன் பின்னாலேயே புகையைக் குடித்துக்கொண்டு ஓட்டினார். சந்தில் ஒரு நாய் பன்றித் தொடை ஒன்றை இழுத்துக்கொண்டு குறுக்கே போயிற்று, ஃபிர்மின் அதன் பின்னால் ஓடினார். சர்ச் வாசலுக்கு வந்தபோது தடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பூச்செண்டு கமீல் கையில் இருந்தது. டெசிரே ஒலிபெருக்கியில் "சின்னத் திருத்தம்" என்று ஆரம்பிக்க, ஊர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தது.

கோட்டில் நடுவரம்மா மட்டும் நின்றிருந்தார். லீவன் தாண்டியதும் கொடியைக் கோலில் சுற்றினார்.

"கடைசி இடம்."

"கொடி?"

"கொடி இல்ல. முடிச்சுட்டீங்க."

லீவன் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை, விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். விழுந்த இடத்தில் படுத்து வானத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை. மாரியெட் ஓடிவந்து மசி பூசிய அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"முடிச்சுட்டியா? நிஜமா முடிச்சுட்டியா? அவங்க ஒண்ணும் மாத்திச் சொல்ல மாட்டாங்களே?"

"மாட்டாங்க. சத்தியம் சத்தியம்தான். சைக்கிளை விக்க மாட்டேன்."

"விக்கவே விக்காதே," என்றாள் மாரியெட்.

ஆசைப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் இழந்துவிட்டு, தன் சந்தோஷத்துக்காகச் சந்தோஷப்படுகிறாளே என்று லீவன் உருகிப்போனார்.

அந்த உருக்கம் வீட்டுக்கு வந்தும் குறையவில்லை. வெந்நீர்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். மாரியெட் பாட்டுப் பாடிக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தாள். எத்தனை வருஷமாயிற்று அவள் பாடி.

"மாரியெட், நான் ஒண்ணு யோசிச்சேன்," என்றார் லீவன். "ஜெயிச்சது நான்தான். ஆனா உன்னோட ஆசைன்னு ஒண்ணு இருக்குல்ல. சைக்கிளும் இருக்கட்டும், குளிர்காலத்து ஞாயித்துக்கிழமை மட்டும் வீட்டுலயே இருக்கேன். அந்த மசாலா டப்பா எல்லாம் மறுபடி தாறுமாறா கிடக்கு, நான் பாத்துட்டுதான் இருக்கேன். அதோட, உருளைக்கிழங்குத் தோலை நீ ரொம்பத் தடிமனா எடுக்கறே."

பாட்டு நின்றது. கத்தி மேஜைமேல் இறங்கியது.

"நீ ஒண்ணும் கஷ்டப்பட வேண்டாம்," என்றாள் மாரியெட். "குளிர்காலத்துலதான் பயிற்சி முக்கியம்னு எல்லாரும் சொல்றாங்க."

வாசல் மணி அடித்தது. லீவன் ஈரக் காலோடு போய்த் திறந்தார். கமீல். ஒரு கையில் பூச்செண்டு, இன்னொரு கையில் தாடை வரைக்கும் அடுக்கிய காலித் தகரத் தட்டுகள்.

"மேடத்தோட தட்டு. திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். பசங்க எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாங்க. ஒண்ணு ரெண்டுல மட்டும் ஓரம் கருகல்."

"நானும் அதான் சொன்னேன்," என்றார் லீவன். பிறகுதான் யோசித்தார். "ஆனா இது பேண்டு வாசிக்கிறவங்களுக்குப் பண்ணினதாச்சே?"

கமீல் அதைக் காதில் வாங்கவில்லை. லீவனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, சமையலறை வரைக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"மேடம், அடுத்த வருஷம் ஆளுக்கு ரெண்டு டார்ட் வேணும். இவரை ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்கார விடாம பண்றதுக்கு ஒண்ணு பத்தாது."